தொட்டியில் நத்தை: அறிகுறியைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பது

மொட்டைமாடியில் இரண்டு அல்லித் தொட்டி, கூடத்தில் ஒரு மீன் தொட்டி. பல வருடமாக இவற்றோடு மல்லுக்கட்டுகிறேன் என்பதால் தெரிந்தவர்கள் அடிக்கடி போன் செய்து ஒன்று கேட்பார்கள்: "நத்தை வந்துடுச்சு, என்ன மருந்து ஊத்தலாம்?" எந்த நத்தை என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. நத்தை என்றால் நத்தைதானே என்பார்கள். அங்கேதான் சிக்கல். நம் தொட்டிக்குள் வருகிற நாலைந்து வகையும் ஒரே குடும்பம் கிடையாது. ஒன்று நுரையீரலால் மூச்சு விடும், இன்னொன்று செவுளால். ஒன்று முட்டையிடும், ஒன்று குட்டி போடும். ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்தது, ஒன்று இந்த மண்ணிலேயே பிறந்தது. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்கு எடுபடாது, சில சமயம் மீனையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

அதனால் மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு நத்தையைக் கையில் எடுங்கள். ஓட்டின் கூர்நுனி மேலே இருக்கட்டும், வாய் உங்களைப் பார்த்து இருக்கட்டும்.

வாய் இடப்பக்கம் இருந்து, ஓடு மெலிதாக, விரல் நகத்தைவிடச் சிறிதாக, உள்ளே இருக்கும் உடம்பு நிழலாகத் தெரிந்தால் அது ஃபைசா அக்யூட்டா. வாயில் மூடி இருக்காது. நீண்ட கூம்பு போல, சின்னத் திருகாணி மாதிரி இருந்து, வாயைக் கருப்புமூடி அடைத்திருந்தால் மெலனாய்டிஸ். கடைக்காரர்கள் மலேசியன் நத்தை என்பார்கள். முறுக்கு மாதிரி தட்டையாகச் சுருண்டிருந்தால் ராம்ஸ்ஹார்ன். உருண்டையாக எலுமிச்சை அளவுக்கு வளர்ந்து வாயில் மூடியும் இருந்தால் ஆப்பிள் நத்தை.

ஃபைசாவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். சங்கில் வலம்புரி என்று நாம் போற்றுகிற அந்த அபூர்வச் சுழற்சி இருக்கிறதே, இந்த நத்தை பிறக்கும்போதே ஒவ்வொன்றும் அப்படித்தான் பிறக்கிறது. தொட்டி நிறைய வலம்புரி. ஆனால் பூஜை அறையில் வைக்க யாரும் கேட்பதில்லை.

நேற்று ஒன்றுதான் பார்த்தேன், இன்று கண்ணாடி முழுக்க

இலையின் அடியிலோ கண்ணாடியின் மூலையிலோ நிறமில்லாத ஜெல்லி போல ஒரு சின்னக் கட்டி தெரிகிறதா? டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே ஜவ்வரிசியை இன்னும் குட்டியாக்கினது மாதிரி புள்ளிகள் இருக்கும். அது ஃபைசா முட்டை. ராம்ஸ்ஹார்ன் முட்டையும் ஜெல்லிதான், ஆனால் தட்டையாக வட்டமாக ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றே.

ஒரே ஒரு நத்தை எப்படிப் பெருகும் என்று எல்லோரும் கேட்பார்கள். ஃபைசாவில் ஒரே உடம்பில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. துணை கிடைத்தால் துணையோடு சேரும். கிடைக்காவிட்டால் கொஞ்ச காலம் காத்திருந்துவிட்டுத் தன் முட்டைக்குத் தானே கருக்கொடுத்துவிடும். நம் ஊர் வெயிலுக்கு முட்டை பொரிய பத்து நாள் போதும். வேலம்பாசிக் கட்டு ஒன்றில் ஒரு ஜெல்லித் துளி ஒட்டி வந்தால் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் குடும்பம் தொடங்கிவிடலாம். நடந்ததும் அதுதான். 1805இல் பிரான்சில் கிடைத்த ஓட்டைப் பார்த்து இதற்குப் பெயர் வைத்தார்கள். அதனால் ஐரோப்பாவின் சொந்த நத்தை என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வட அமெரிக்காவிலிருந்து போனது என்று பிறகுதான் புரிந்தது. இப்போது அன்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் இருக்கிறது.

சரி, என்ன செய்வது? முதலில் மீன் தீனியைக் குறையுங்கள். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது, "நான் ரெண்டு சிட்டிகைதானே போடறேன்" என்பார்கள். அடியில் போய்ப் பாருங்கள், தின்னாமல் மிச்சமான தீனி வெள்ளைப் பூஞ்சையோடு கிடக்கும். நத்தை எண்ணிக்கை என்பது மிச்சத் தீனியும் அழுகிய இலையும் பாசியும் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மீட்டர். மீட்டரை உடைத்தால் கரண்ட் பில் குறையாது. நூறு நத்தையைப் பொறுக்கிப் போட்டாலும் சாப்பாடு அப்படியே இருந்தால் மிஞ்சிய பத்து நத்தை அடுத்த மாதம் மறுபடி நூறாகும்.

தீனியைக் குறைத்த பிறகு பொறுக்குங்கள். இரவு விளக்கணைத்துவிட்டு வெள்ளரிக்காய்த் துண்டு ஒன்றை, மிதக்காமல் இருக்க ஒரு ஃபோர்க் குத்தி, அடியில் விடுங்கள். காலையில் எழுந்ததும் தூக்குங்கள். தாமதித்தால் தின்றுவிட்டுக் கலைந்துவிடும். ஒரு வாரம் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும். கூடவே கண்ணாடியில் உள்ள ஜெல்லியைப் பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டி எடுங்கள். எடுத்ததை வெளியே போடுங்கள்; தண்ணீரிலேயே விழவிட்டால் முட்டை செத்துவிடாது.

பகலில் ஒன்றுமில்லை, இரவில் விளக்குப் போட்டால் மணலே நகர்கிறது

இது மெலனாய்டிஸ். பகலில் மணலுக்குள் புதைந்திருக்கும், இருட்டினால் வெளியே வரும். பத்து தெரிகிறது என்றால் மணலுக்குள் நூறு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டையைத் தேட வேண்டாம், கிடைக்காது. இது குட்டி போடுகிற நத்தை. கிட்டத்தட்ட எல்லாமே பெண். ஆண் துணையே இல்லாமல் தன் நகல்களைத் தலைக்குள் இருக்கும் பையில் வளர்த்து, குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டோடு வெளியே விடும்.

ஆனால் இதை வந்தேறி என்று திட்டுவதற்கு முன் ஒரு விஷயம். 1774இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ ஃப்ரெடரிக் முல்லர் இதற்குப் பெயர் வைத்தபோது அவரிடம் இருந்த ஓடு எங்கிருந்து போனது தெரியுமா? சோழமண்டலக் கரையிலிருந்து. ஆக, நம் ஊர் நத்தை. நம் குளத்திலும் வாய்க்காலிலும் என்றைக்கும் இருப்பதுதான். மீன் வியாபாரத்தோடு அமெரிக்காவுக்குப் போய், அங்கே ஃப்ளோரிடாவிலும் டெக்சாஸிலும் இதுதான் வந்தேறி. டெக்சாஸ் ஊற்றுகளில் மீன்களின் செவுளைத் தாக்கும் ஒரு தட்டைப்புழுவுக்கு இது வீடாகிவிட்டது என்று அங்குள்ளவர்கள் தலையில் கைவைத்திருக்கிறார்கள். கரீபியத் தீவுகளிலோ கதை நேர் எதிர். மனிதருக்கு ரத்தப்புழு நோயைக் கொடுக்கும் வேறொரு நத்தையை விரட்டுவதற்காக மார்ட்டினிக்கில் இதை வேண்டுமென்றே இறக்கிவிட்டார்கள். ஒரே நத்தை, ஓர் ஊரில் தொல்லை, ஓர் ஊரில் துணைக்கு அழைத்த ஆள், நம் ஊரில் பிறந்தகம்.

என் தொட்டியில் இதை நான் விட்டுவைத்திருக்கிறேன். மணலைக் கிளறிக்கொண்டே இருப்பதால் அடியில் கெட்ட வாயு தேங்காது, செடியும் கடிபடாது. அளவு மீறினால் மணல் உறிஞ்சும் குழாயைப் போட்டு, மாதம் ஒருமுறை கால்பங்கு மணலாகச் சுத்தம் செய்யுங்கள். முழு மணலையும் ஒரே நாளில் கிளறாதீர்கள், தண்ணீர் கலங்கி மீன் திணறும். மருந்து ஊற்றுவதை மட்டும் மறந்துவிடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எல்லா நத்தையும் மேலே ஏறிவிட்டது

இந்த ஓர் அறிகுறியை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். ஆனால் யார் ஏறியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பதறுங்கள்.

ஃபைசாவும் ராம்ஸ்ஹார்னும் நுரையீரல் உள்ளவை. காற்று வாங்க மேலே வந்து போவது அவற்றுக்கு அன்றாடம். ஃபைசா மேலே போவதை ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள்: தன் வழவழப்பிலிருந்தே மெல்லிய நூல் ஒன்றை விட்டு, கண்ணாடியில் ஏறாமல் நடுத் தண்ணீரிலேயே சிலந்தி போல ஏறும், இறங்கும். கண்ணுக்கு நூல் தெரியாது, நத்தை அந்தரத்தில் நகர்வது போலிருக்கும். ஆப்பிள் நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. நீருக்கு அடியில் இருந்தபடியே ஒரு குழாயை மேலே நீட்டிக் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். இவை மேலே இருந்தால் பயமில்லை.

மெலனாய்டிஸ் அப்படியல்ல. அதற்குச் செவுள் மட்டும்தான், இருட்டில்தான் நடமாட்டம். அது பட்டப்பகலில் மணலை விட்டு வெளியே வந்து கூட்டமாகக் கண்ணாடியில் ஏறினால், கீழே மூச்சுவிட முடியவில்லை என்று அர்த்தம். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கும், அல்லது அமோனியா ஏறியிருக்கும். கோடையில் இரவு கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றுவிட்ட மறுநாள் காலையில் இதைப் பார்க்கலாம். மீன் வாய் பிளப்பதற்குச் சற்று முன்பே இவை கிளம்பிவிடும் என்பது என் அனுபவம். உடனே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குளோரின் போன தண்ணீராக இருக்கட்டும். ஏர் பம்பை ஓடவிடுங்கள். அன்று தீனி வேண்டாம். பிறகு செத்த மீனோ அழுகிய கிழங்கோ மூலையில் கிடக்கிறதா என்று தேடுங்கள்.

ஃபைசாக்கள் திடீரென மொத்தமாக நீர்மட்டத்துக்கு மேல் ஏறி உட்கார்ந்தால் வேறொரு காரணம் இருக்கலாம். மீனுக்குப் போடலாம் என்று தொட்டிக்குள்ளேயே நாலு நத்தையை நசுக்கினீர்களா? நசுங்கிய இனத்தானின் வாடையை இவை கண்டுகொள்ளும். எதிரி ஓட்டை நொறுக்குகிறது என்று அவற்றுக்குச் சேதி போகிறது. க்ரேஃபிஷ் எனும் நன்னீர்க் கல்நண்டின் வாடை வந்தால் நீர்மட்டத்துக்கு ஏறும், மீன் என்றால் பொந்துக்குள் ஒளியும். எதிரியைப் பார்த்து ஒளியும் இடத்தைத் தேர்ந்தெடுக்கிற அளவுக்கு விவரம்.

மருந்து ஊற்றினேன், மறுநாள் தொட்டி நாறுகிறது

இது நான் செய்த தவறு, அதனால் விவரமாகவே சொல்கிறேன். மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தது. கடையில் கொடுத்த மருந்தை அளவு பார்த்துத்தான் ஊற்றினேன். அதில் செம்பு உப்பு இருந்ததை நான் படிக்கவில்லை. செம்பு நத்தைக்கும் இறாலுக்கும் எமன். மறுநாள் காலை தண்ணீர் லேசாகப் பால் போலக் கலங்கியிருந்தது. மாலையில் மூடியைத் திறந்தால் மீன் மார்க்கெட் சாக்கடை வாடை. மணலுக்குள் எத்தனை மெலனாய்டிஸ் இருந்ததோ, அத்தனையும் உள்ளேயே செத்து அழுகியிருந்தன. அந்த அமோனியாவில் கப்பி மீன்கள் ஏழு போயின. வெள்ளைப்புள்ளியில் போயிருக்காது, என் மருந்தில் போனது.

உங்களுக்கும் இப்படி ஆகியிருந்தால்: மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். மணலைத் துணிச்சலாக வெளியே எடுத்து அலசுங்கள், பாதி மட்டும் போதாது. ஃபில்டர் பஞ்சை குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், தொட்டியின் பழைய நீரிலேயே பிழியுங்கள்; நல்ல பாக்டீரியா அதில்தான் இருக்கிறது. ஒரு நத்தை செத்திருக்கிறதா என்ற சந்தேகத்துக்கு மூக்கு போதும். உயிருள்ளது நாறாது. செத்ததை மோந்தால் அன்று சோறு இறங்காது.

நீர்மட்டத்துக்கு மேல் ஏதோ கொத்தாக ஒட்டியிருக்கிறது

தொட்டி மூடியின் உள்பக்கம், அல்லித் தண்டு, சிமென்ட் சுவர் என்று தண்ணீருக்கு வெளியே முட்டைக் கொத்து இருந்தால் அது தென் அமெரிக்க ஆப்பிள் நத்தை, பொமேசியா இனம். நம் ஊர் ஆப்பிள் நத்தையான பைலா இப்படிச் செய்யாது. கரையோர ஈர மண்ணில் குழி பார்த்து வெள்ளை முட்டைகளை விடும். இன்னொரு சோதனை வாய்மூடி. நம் பைலாவின் மூடி உள்பக்கம் சுண்ணாம்பு ஏறிக் கல் போல இருக்கும், தட்டினால் டக்கென்று சத்தம் வரும். பொமேசியாவின் மூடி நகம் போல, விரலால் அழுத்தினால் வளைந்து கொடுக்கும்.

அடுத்து, கொத்தின் நிறம். வெளிர் நிறத்தில் தேன்கூடு போலக் கட்டம் கட்டமாக இருந்தால் பொமேசியா டிஃப்யூசா, சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் மஞ்சள் ஆப்பிள் நத்தை என்று கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து விற்கிறார்களே, அது. பாசியையும் மிச்சத் தீனியையும்தான் விரும்பும், நல்ல செடியை அதிகம் தொடாது. பளிச்சென்று ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தால் எச்சரிக்கையாகுங்கள். அது பொமேசியா கனாலிகுலேட்டாவின் அடையாளம்.

இந்த இரண்டாவதின் வரலாறு விவசாயியின் வயிற்றெரிச்சல். அர்ஜென்டினாப் பக்கத்து நத்தை. 1980ஐ ஒட்டி, வளர்த்து விற்றால் கறிக்கு நல்ல விலை போகும் என்று தைவானுக்குக் கொண்டுவந்தார்கள். ருசி யாருக்கும் பிடிக்கவில்லை, விலை படுத்தது, பண்ணைகளிலிருந்து வாய்க்காலுக்குப் போனது. அதே ஆசையில் ஜப்பான், பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று அடுத்தடுத்து வாங்கினார்கள். கறிக்கு வந்த நத்தை நெல் நாற்றைக் கறியாக்கிக்கொண்டது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்கள் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு. அந்த ரோஸ் நிறம் சும்மா வந்ததல்ல, தின்றால் கெடுதல் என்ற அறிவிப்பு. முட்டைக்குள் நரம்பைத் தாக்கும் நச்சுப் புரதம் இருப்பதை அர்ஜென்டினா ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வெட்டவெளியில் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருந்தும் தீ எறும்பைத் தவிர அநேகமாக எதுவும் இதைத் தொடுவதில்லை.

கொத்து எந்த நிறமானாலும் கையாளும் விதம் ஒன்று. கையுறையோ பிளாஸ்டிக் பையோ போட்டு, அட்டையால் வழித்து, நசுக்கி, பையைக் கட்டிக் குப்பையில் போடுங்கள். முட்டை விட்டு ஓரிரண்டு நாளுக்குள் பார்த்தால் சுலபம், பிறகு சிமென்ட் மாதிரி இறுகிவிடும். இவற்றில் ஆண் வேறு, பெண் வேறு. ஆனாலும் தனியாகத்தானே வாங்கினேன் என்று நம்பிவிடாதீர்கள், பெண் நத்தை பழைய சேர்க்கையின் விந்தை மாதக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும்.

வயலில் நாற்று காணாமல் போகிறது

மொட்டைமாடிக்காரனுக்கு வயலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், தஞ்சாவூர்ப் பக்கத்து உறவினர் ஒருவர் படம் அனுப்பிக் கேட்டதால் எழுதுகிறேன். நாற்று அடியோடு வெட்டுப்பட்டுத் துண்டு அங்கேயே மிதந்து, வரப்பில் வளையும் இருந்தால் அது நண்டு. அவர் வயலில் அதுதான். பொமேசியா உள்ள நாடுகளில் சேதம் வேறு மாதிரி தெரியும்: பள்ளத்தில், தண்ணீர் தேங்கிய இடத்தில் மட்டும் வட்டம் வட்டமாக வெறுமை, மேட்டில் நாற்று முழுசாக நிற்கும். நீர் இல்லாத இடத்தில் அதனால் மேய முடியாது. அதனால் பிலிப்பைன்ஸ் விவசாயிகள் நட்ட முதல் வாரங்களில் தண்ணீரைச் சுண்ட வைத்து, வயலுக்குள் சின்ன ஓடை வெட்டி, அங்கே கூடும் நத்தைகளைப் பொறுக்குகிறார்கள். மூங்கில் குச்சியை நட்டு, அதில் ஏறி முட்டையிட்டதும் வழித்தெடுக்கிறார்கள். அறுவடை முடிந்த வயலில் வாத்தை இறக்குகிறார்கள். இளம் நாற்றை நடாமல் வயது முதிர்ந்த நாற்றை நடுவதும் பலன் தருகிறது; தண்டு முற்றிவிட்டால் அது தொடாது.

நம் வயல் நத்தையைக் கறியாக்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு சொல்: நன்றாக வேகட்டும். தாய்லாந்தில் நத்தையைப் பச்சையாகக் கலந்து தின்றவர்களுக்கு எலி நுரையீரல்புழு மூளைக்காய்ச்சல் கொடுத்திருக்கிறது.

ஓடு வெளுத்து, நுனி அரித்துப் போகிறது

தொட்டிக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறீர்களா? அதில் சுண்ணாம்புச் சத்து இல்லை, ஓடு கரைகிறது. போர் தண்ணீரைக் கலந்தாலே பாதி சரியாகும். அழகுக்காக ஆப்பிள் நத்தை வளர்ப்பவர்கள் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை வாங்கி ஒரு துண்டு போடலாம், கணவாயின் ஓடுதான் அது. நத்தையை ஒழிக்க நினைப்பவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

தண்ணீரில் இறங்கியவர்களுக்கு அரிப்பு

வீட்டுத் தொட்டியில் இது அநேகமாக வராது. குளத்திலோ வயலிலோ நின்றவர்களுக்குக் காலில் சிவந்து தடிப்பு வந்தால், தட்டை நத்தையான இண்டோபிளானார்பிஸ் வெளியிடும் புழுக்குஞ்சுகள் காரணமாக இருக்கலாம். அவை தேடுவது மாட்டை. தவறிப்போய் மனிதத் தோலில் நுழைந்து அங்கேயே சாகும். மாட்டின் மூக்கில் குடியேறினால் மாடு குறட்டை விடுவது போல மூச்சுவிடும், அப்போது கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குளத்திலிருந்து அள்ளிய செடியை நேராகத் தொட்டியில் போடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாம் செய்தும் மறுபடி வருகிறது

அப்படியென்றால் வாசல் திறந்திருக்கிறது. புதுச் செடி, ஆகாயத்தாமரையின் வேர், நண்பர் தொட்டியில் நனைத்த வலை, கொசுப்புழு வாங்கிய பை: நத்தை வருவது இந்த வழிகளில்தான். புதுச் செடியை 4 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி படிகாரத்தைக் கரைத்து இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். ஃபைசா செத்துவிடும். மெலனாய்டிஸ் மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டு பிழைத்துவிடக் கூடும், அதனால் வேரை உதறிப் பாருங்கள். முட்டை சிலது தப்பும் என்பதால் செடியைத் தனி வாளியில் மூன்று வாரம் வைத்து, பொரிந்து வந்தவற்றைப் பொறுக்கிய பிறகே தொட்டிக்கு மாற்றுவேன்.

நத்தை தின்னும் மீன் விடலாமா என்பார்கள். கேரளத்து ஆறுகளின் குட்டிப் பஃபர் மீன் சின்ன நத்தைகளை ருசித்துத் தின்னும். அப்புறம் மற்ற மீனின் வாலையும் கடிக்கும். யோயோ லோச் தின்னும், கூட்டமாக வளர்க்கப் பெரிய தொட்டி வேண்டும். கொலைகார நத்தை என்று மஞ்சள் கருப்புப் பட்டை போட்ட ஒன்றும் விற்பனையில் உண்டு. தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த அது தன் பூர்வீகத்தில் இல்லாத சிங்கப்பூர் நீர்த்தேக்கத்தில் குடியேறிவிட்டது. ஒரு வந்தேறியை ஒழிக்க இன்னொன்றை வாங்குவதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

பொறுக்கிய நத்தையை என்ன செய்வது? ஏரியில் விடாதீர்கள், மழைநீர் வடிகாலில் கொட்டாதீர்கள், டாய்லெட்டிலும் வேண்டாம். காயப்போட்டால் செத்துவிடும் என்று ஆப்பிள் நத்தையை நம்பாதீர்கள். மூடியைச் சாத்திக்கொண்டு உலர்ந்த மண்ணில் மாதக்கணக்கில் தூங்கும், மழை வந்ததும் எழுந்துகொள்ளும். பையில் கட்டி ஃப்ரீசரில் ஒருநாள் வைத்து மண்ணில் புதைப்பது நல்ல வழி. எங்கள் வீட்டில் மீன்குழம்புத் துண்டுக்குப் பக்கத்தில் அதை வைக்க அனுமதி கிடைக்கவில்லை. கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, ஆறிய பிறகு முருங்கை மரத்தடியில் புதைத்துவிடுகிறேன். தொட்டி கழுவிய தண்ணீரும் அங்கேதான் போகிறது.